ரத்தம் வரவில்லையே, அப்புறம் என்ன?

திருத்தணியில் ஏறி நகரியில் இறங்குகிற பஸ்ஸில் கண்டக்டர் தமிழில் டிக்கெட் கேட்பார், தெலுங்கில் சில்லறை இல்லை என்பார். எங்கள் பக்கத்துப் பேச்சு அப்படித்தான், ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு மாநிலம் இருக்கும். கத்திக்கு மட்டும் அங்கேயும் கத்தி, இங்கேயும் கத்தி. காயத்துக்குக் கட்டுப்போடுவதே என் பிழைப்பு. மாங்காய் சீசனில் விரலை அறுத்துக்கொண்டு வருகிறவர்கள், விசைத்தறியில் கை மாட்டியவர்கள், மலையில் மொட்டை போட்டுத் தலையில் கீறலோடு இறங்கி வருகிறவர்கள் என்று பார்த்துப் பார்த்து, காயத்தைப் பார்த்தாலே எது கீறியது என்று ஓரளவு சொல்லிவிடுவேன்.

ஒரு ஜூன் மாதம் முப்பதைத் தாண்டிய ஒரு தம்பதி வந்தார்கள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். அந்தப் பெண்ணுக்குத் தோள்பட்டைக்குக் கீழே, முதுகுப் பக்கமாக மூன்று கோடுகள். சுற்றிலும் சிவந்து, தடித்து, தொட்டால் சுடுகிறது. "வேலிக் கம்பி கீறிடுச்சுண்ணா" என்றார் கணவர். வேலிக் கம்பி நேர்கோடு போடாது. அதுவும் ஒன்றுக்கொன்று விரல்கடை இடைவெளி விட்டு மூன்று கோடு போடவே போடாது. இந்த மாதிரி சமயத்தில் எங்களுக்கு முதலில் வருகிற சந்தேகம் வேறு. அதனால் அவரை மெடிக்கல் ஷாப்புக்கு காஸ் துணி வாங்க அனுப்பிவிட்டு, "என்னம்மா, அடிக்கிறாரா?" என்று நேராகவே கேட்டேன். அவர் பயப்படவில்லை, அழவில்லை, சிரித்துவிட்டார். "ஐயோ, நான்தாண்ணா கேட்டேன்." அப்புறம் கொஞ்சம் வெட்கப்பட்டு, அவருடைய வீட்டுப் பாஷையிலேயே கேட்டார்: "நெத்துரு ராலேதன்னா!" ரத்தமே வரவில்லை, பின்னே ஏன் இப்படி வீங்குகிறது என்பது கேள்வி.

நல்ல கேள்வி. இந்தக் கட்டுரை முழுக்க அதற்கான பதில்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வயது வந்த இரண்டு பேர், இருவரும் பேசி ஒப்புக்கொண்டு, கத்தியை உடம்பின் மேல் வைத்து, இழுத்து, அந்தப் பயத்தையும் குளிர்ச்சியையும் நம்பிக்கையையும் ரசிப்பதை 'நைஃப் ப்ளே' என்கிறார்கள். பலர் வெட்டுவதே இல்லை. மழுங்கிய கத்தி, கத்தியின் முதுகு, சில சமயம் கண்ணைக் கட்டிவிட்டு ஏடிஎம் கார்டின் ஓரம், அவ்வளவே. எனக்கு இதில் ருசி கிடையாது, செய்கிறவர்கள் மேல் கோபமும் கிடையாது. சம்மதம் இல்லாமல் நடந்தால் அது வன்முறை, அதற்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இரண்டு மாநிலத்திலும் வேலை செய்கிறது. சட்டத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 87ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 25, பதினெட்டு வயதைத் தாண்டியவர் சம்மதித்து ஏற்றுக்கொள்ளும் சின்னக் காயங்களைப் பற்றிப் பேசுகிறது. அதற்கு அந்தக் காலத்திலேயே கொடுத்த உதாரணம் பொழுதுபோக்குக்கு வாள்வீச்சு ஆடும் இருவர். கொடுங்காயம் அதில் சேராது. சட்டம் அவ்வளவு போதும். கிருமிக்கு சம்மதப் பத்திரம் படிக்கத் தெரியாது என்பதால் நாம் தோலுக்குப் போவோம்.

நம் தோலின் மேலடுக்கு, உள்ளங்கை உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில், சுமார் 0.1 மில்லிமீட்டர். ஜெராக்ஸ் கடையில் ஓடுகிற ஏ4 தாள் ஒன்றை விரலுக்கிடையில் பிடித்துப் பாருங்கள், ஏறக்குறைய அந்தத் தடிமன்தான். கண் இமையில் அதில் பாதி. இந்த மேலடுக்கில் ரத்தக் குழாயே கிடையாது. குழாய்கள் எல்லாம் அதற்குக் கீழ் அடுக்கில். ஆகவே கத்தி நுனி மேலடுக்கை மட்டும் கிழித்துவிட்டுப் போனால் ரத்தம் வராது. முதலில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும், சுண்ணாம்பால் கீறியது போல. ஒரு நிமிஷத்தில் அது ரோஸ் நிறமாகும், சிலருக்குத் தடித்து எழும்பும். நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் கோட்டில் பளபளவென்று ஒரு ஈரம். அந்த ஈரம் வேர்வை இல்லை, உள்ளே இருந்து கசிகிற நிணநீர். அதற்கும் கொஞ்சம் கீழே போனால் குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள் வரிசையாக முளைக்கும். ரத்தம் தெரிவது அந்தக் கட்டத்தில்தான், ஆனால் வாசல் அதற்கு முன்னாலேயே திறந்துவிட்டது.

வாசலில் காத்திருப்பவர்கள் வெளியூர் ஆட்களும் இல்லை. ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி பத்தில் மூன்று பேருக்கு மூக்குக்குள் குடியிருக்கிறது, அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல். மூக்கைத் தொட்ட கை தோளைத் தொடுகிறது, தோளை இப்போதுதான் கத்தி தொட்டிருக்கிறது. "கத்தியைக் கழுவிவிட்டோமே" என்று சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. சீழ்ப்பிடிக்கும் சின்னக் காயங்களில் பெரும்பாலும் எதிரி கத்தியில் வருவதில்லை, கையிலும் அந்தத் தோலிலும் ஏற்கெனவே இருக்கிறது. கத்தி செய்வது கதவைத் திறந்துவிடுவது.

இதில் ஒரு வேடிக்கை. சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்து, அன்றைக்குக் காலையில் அந்த இடத்தை ரேசரால் மழித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. ரேசர் முடியோடு சேர்த்துக் கண்ணுக்குத் தெரியாத நூறு கீறல்களையும் போட்டுவிட்டுத்தான் போகும். ஆபரேஷனுக்கு முன்னால் ரேசரால் மழிக்காதீர்கள், தேவைப்பட்டால் கிளிப்பரால் கத்தரியுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் வழிகாட்டுதலே கொடுத்தது. பெரிய ஆஸ்பத்திரிகளே கைவிட்ட பழக்கம் அது. படுக்கையறைக்கும் வேண்டாம். சோப்புப் போட்டுக் குளித்தால் போதும்.

மருத்துவமனைக் கருவிகளைப் பிரித்துப் பார்க்க ஒரு பழைய கணக்கு உண்டு. ஸ்பால்டிங் என்ற அமெரிக்கர் போட்டது. முழுத் தோலை மட்டும் தொடுகிற கருவி, வாய் மாதிரியான ஈரச் சவ்வைத் தொடுகிற கருவி, சதைக்குள்ளோ ரத்தத்துக்குள்ளோ போகிற கருவி என்று மூன்று. முதல் வகைக்குக் கழுவித் துடைத்தால் போதும், இரண்டாவதற்குக் கடுமையான கிருமிநீக்கம், மூன்றாவதற்கு ஒரு கிருமிவித்துகூட மிச்சமில்லாத ஸ்டெரிலைசேஷன். எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது, ஏனென்றால் கத்தி விளையாட்டின் சிக்கலை ஒரே நொடியில் காட்டிவிடுகிறது. ஸ்டெதாஸ்கோப் ஒருநாளும் தவறிப்போய் சதைக்குள் போகாது. கத்தி போகும். நீங்கள் முதல் வகை என்று நினைத்து ஆரம்பிப்பீர்கள், ஒரு தும்மல், ஒரு சிரிப்பு, தெருவில் ஒரு நாய் குரைத்து உடம்பு தூக்கிவாரிப்போட்டால் மூன்றாம் வகை. எந்த நிமிஷத்தில் மாறும் என்று உங்களுக்கு முன்கூட்டித் தெரியாது. அதனால் "வெட்டப் போவதில்லை" என்கிறவர்களும் வெட்டுப்படப் போகிற கத்தி போலவேதான் அதைத் தயார் செய்ய வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன்.

சரி, கத்தி.

அந்த வீட்டில் பயன்பட்டது மாம்பழம் நறுக்குகிற கத்தி. சித்தூர்ப் பக்கம் ஜூன் மாதத்தில் எந்த வீட்டுக் கத்தியும் மாங்கத்திதான். கிளிமூக்கு மாங்காயின் காம்பை ஒடித்தால் பீய்ச்சி அடிக்கிற பால் பட்ட இடம் பொத்துப்போகும், தோப்பில் வேலை செய்கிறவர்களின் கழுத்தையும் முன்கையையும் பார்த்தால் தெரியும். அந்தப் பால் கத்தியில் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத பிசினாக ஒட்டிக்கொள்ளும், தண்ணீரில் அலசினால் போகாது. அந்தப் பெண்ணின் மூன்று கோட்டில் இரண்டு அந்த மாம்பால் ஒவ்வாமை. அரிப்பு இருந்தது, சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் இருந்தது, சூடு அவ்வளவு இல்லை. மூன்றாவது கோடுதான் நிஜமாகவே செப்டிக். பார்க்க மூன்றும் ஒரே மாதிரி. டாக்டர் தடவிப் பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்கே வித்தியாசம் பிடிபட்டது.

மாங்காய் இல்லாத மாதத்திலும் சமையலறைக் கத்தி வேண்டாம். நேற்று கோழி அறுத்த கத்தியில் சால்மோனெல்லா இருக்கலாம், மீன் அறுத்ததில் வேறு ஏதாவது. தோலில் பட்ட கத்தி மறுபடி தக்காளிக்குப் போவதும் சரியில்லை. மடக்குக் கத்தி பார்க்க அழகு, ஆனால் மடிப்புக்குள் போன ரத்தத்தை எந்த பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது. மரப்பிடி போட்டது, ரம்பப் பல் உள்ளது, மேலே எழுத்துச் செதுக்கியது எல்லாம் அதே கதை. பிடியும் அலகும் ஒரே துண்டாக வார்த்த, வழவழப்பான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் கழுவ லாயக்கு. புதுக் கத்தி சுத்தமாக இருக்கும் என்பதும் நினைப்புதான். தொழிற்சாலையில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய், லேபிளின் பசை, சாணை பிடித்தபோது ஓரத்தில் நின்றுவிட்ட இரும்புப் பிசிறு எல்லாம் அதில் இருக்கும். சைக்கிளில் சாணைக்கல் வைத்துக்கொண்டு தெருவில் வருபவரிடம் தீட்டியிருந்தால் இன்னும் விசேஷம். நம் கத்திக்கு முன்னால் கறிக்கடைக் கத்தி அந்தக் கல்லில் ஏறியிருக்கும்.

கழுவுவதில் வரிசை முக்கியம். முதலில் சோப்பும் பிரஷ்ஷும் ஓடுகிற தண்ணீரும், அப்புறம்தான் மருந்து. காய்ந்த ரத்தத்தின் மேலும் எண்ணெயின் மேலும் எந்த மருந்தை ஊற்றினாலும் அது மேலேயே வழிந்துவிடும். ஸ்பிரிட் என்றால் 70 சதவீதம். அதைவிட அடர்த்தியானது இன்னும் நன்றாகக் கொல்லும் என்று தோன்றும், ஆனால் கிருமியின் புரதத்தைக் கெடுக்கத் தண்ணீரும் வேண்டும், 95 சதவீத ஸ்பிரிட் வேலை முடிவதற்குள் ஆவியாகிவிடும். தேய்த்தவுடன் துடைக்காமல் தானாகக் காய விட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் 20 நிமிஷம் போட்டால் பெரும்பாலான கிருமிகள் சாகும், வித்தாக உறங்குகிற கிருமிகள் சாகாது. அவை சாக வேண்டுமானால் அழுத்தத்தில் உள்ள நீராவி வேண்டும், 121 டிகிரியில் குறைந்தது 15 நிமிஷம், ஆட்டோகிளேவ் செய்வது அதைத்தான். வீட்டுக் குக்கரும் அதே தத்துவம்தானே என்று கேட்பார்கள். தத்துவம் அதேதான். ஆனால் சாதத்துக்கு வைத்த நாலு விசிலைக் கணக்கு வைத்துக்கொண்டு ஸ்டெரிலைஸ் ஆகிவிட்டது என்று நம்பக்கூடாது. மெழுகுவர்த்தியில் காட்டுவது சினிமாவுக்கு. புகைக்கரி ஒட்டும், சூடு ஓர் இடத்தில் ஏறும் இன்னோர் இடத்தில் ஏறாது, இரும்பின் பதமும் போய்விடும். பிளீச்சிங் கரைசல் வைரஸைக் கொல்லும், கூடவே கத்தியையும் தின்றுவிடும்.

மஞ்சள் நிற டெட்டாலைத் தண்ணீரில் விட்டு அது பால் மாதிரி வெளுக்கும்போது நமக்கு ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அந்த நிம்மதியைத்தான் நான் சந்தேகப்படுகிறேன். வேலை கற்றுக்கொண்ட காலத்தில், ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், கத்தரிக்கோல்களையும் ஃபோர்செப்ஸையும் சாவ்லான் கலந்த ஒரு தட்டில் ஊறப்போட்டு வைத்திருப்போம். எடுப்போம், பயன்படுத்துவோம், துடைத்து அதிலேயே போடுவோம். தண்ணீரை எப்போது மாற்றினோம் என்று யாருக்கும் நினைவில்லை. நானும்தான் மாற்றவில்லை. ஒரு வாரத்தில் வரிசையாக நாலைந்து பேருக்குக் காயம் பச்சையாகச் சீழ்வைத்தது. பெரிய டாக்டர் ஒருவர் வந்து தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, சாக்கடையில் கொட்டச் சொன்னார். சூடோமோனாஸ் என்ற கிருமிக்கு நீர்த்துப்போன கிருமிநாசினியிலேயே குடும்பம் நடத்தத் தெரியும் என்பதை அன்றைக்குத்தான் கற்றேன். அதனால் யாராவது "எங்க கத்தி எப்பவுமே டெட்டால் தண்ணியிலதான் இருக்கு" என்று பெருமையாகச் சொன்னால் எனக்கு அந்தத் தட்டின் வாசம் வந்துவிடும். கரைசலை அப்போதைக்கப்போது கலக்கி, வேலை முடிந்ததும் கொட்டிவிட வேண்டும். கத்தியை ஈரமில்லாமல் காயவைத்து மூடி வைக்க வேண்டும்.

மெடிக்கலில் பாக்கெட்டில் கிடைக்கிற சர்ஜிக்கல் பிளேடு ஸ்டெரிலைஸ் செய்து சீல் வைத்தது, விலையும் குறைவு, அதைப் பயன்படுத்தலாமே என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். சுத்தம் வேறு, பத்திரம் வேறு. அந்த பிளேடு சதைக்குள் போவதற்கென்றே செய்தது, போவது கைக்கே தெரியாது. ஏ4 தாள் தடிமனில் நிறுத்த நினைப்பவர் நரம்பு வரை போய்விடுவார். மழுங்கிய, நன்றாகக் கழுவிய கத்திக்குத்தான் என் ஓட்டு, அதுவும் கழுத்து, தொடை இடுக்கு, மணிக்கட்டின் உள்பக்கம் இந்த மூன்றையும் தொடாமல். குளிர்ச்சிக்காகக் கத்தியை ஐஸில் வைப்பவர்கள், கடையில் வாங்கின ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம். பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்தாலும் அதே குளிர்ச்சிதான்.

ஒருவருக்குப் பட்ட கத்தி இன்னொருவருக்குப் படலாமா என்பதற்கு மொட்டையை விட நல்ல பாடம் இல்லை. திருத்தணி மலையில் என் சின்ன வயதில் நாவிதர் ஒரே சவரக்கத்தியைத் தோல் பட்டையில் தீட்டித் தீட்டி வரிசையாக மொட்டை போடுவார். தொண்ணூறுகளில் எய்ட்ஸ் பயம் வந்தது, கூடவே புது பிளேடும் வந்தது. பாக்கெட்டைப் பிரித்து, பிளேடை நீளவாக்கில் இரண்டாக ஒடித்து, பாதியை நம் கண்ணெதிரே மாட்டுவார்கள். இப்போது மொட்டைக்குக் கட்டணமே இல்லை, 2021இல் இருந்து, ஆனால் அந்தப் 'டக்' சத்தத்தைக் கேட்காமல் யாரும் தலை குனிவதில்லை. இதில் மாறாமல் தப்பித்துவிட்டது சலூனில் இருக்கும் படிகாரக் கட்டிதான், எல்லார் தாடையிலும் அதே கட்டி.

பயந்தது எச்ஐவிக்கு, உண்மையில் அதிகம் பயந்திருக்க வேண்டியது ஹெபடைடிஸ் பி என்ற மஞ்சள் காமாலை வைரஸுக்கு. ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் என்ன ஆகிறது என்று நிறையப் பார்த்திருக்கிறார்கள். எச்ஐவி தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 300இல் ஒன்று. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி என்றால் 100க்கு 6இல் இருந்து 30 வரை. கத்தி ஊசியைப் போல உள்ளே குழாய் உள்ளதல்ல, அதனால் இந்த எண்களை அப்படியே கத்திக்குப் பொருத்த முடியாது, ஆனால் எது எதைவிடப் பெரிது என்பது மாறாது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில், குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை கத்தி இந்த ஞாயிற்றுக்கிழமையும் ஆபத்தானதுதான். நம் நாட்டில் குழந்தைகளுக்கான இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது நாடு முழுக்க வந்தது 2011 வாக்கில். ஆகவே இந்தக் கட்டுரையைப் படிக்கிற வயதில் இருப்பவர்கள் தாங்களாகப் போய்ப் போட்டிருந்தால் ஒழியப் பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள். 3 ஊசி, முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். "நாங்க ரெண்டு பேர் மட்டும்தானே" என்பது காதலுக்குச் சரி. இந்த வைரஸ் வருஷக்கணக்கில் ஒரு அறிகுறியும் காட்டாமல் உடம்பில் இருக்கும், இருப்பது அவருக்கே தெரியாது. இருவரும் ஒருமுறை ரத்தம் கொடுத்து ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்ஐவி மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. தெரியாத ஒருவரின் ரத்தம் உங்கள் காயத்தில் பட்டுவிட்டது என்றால் 72 மணி நேரத்துக்குள் ஏஆர்டி மையம், அதாவது எச்ஐவிக்கு மருந்து கொடுக்கிற மையம், உள்ள அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, எச்ஐவி தொற்றாமல் இருக்க 28 நாள் மாத்திரை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கிவிடக் கூடாது.

காயத்தில் வாய் வைப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மனித வாய் அழுக்கான இடம். கைகலப்பில் எதிராளியின் பல் பட்டுக் கை கிழிந்து வருகிறவர்களின் காயத்தை நாங்கள் கத்திக் காயத்தைவிடக் கவலையோடு பார்ப்போம்.

அலகு குத்துகிறார்களே, அவர்களுக்கு என்ன ஆகிறது என்று கேட்காமல் எங்கள் ஊரில் யாரும் இந்தப் பேச்சை முடிப்பதில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு படியேறுகிறவர்களில் கன்னத்தில் வேல் குத்தியவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். விரதம் இருந்து வருகிறார்கள், குத்துகிறவருக்குப் பல வருஷக் கைப்பழக்கம், குத்துகிற இடம் கன்னமும் நாக்கும். முகத்துக்கு ரத்த ஓட்டம் அதிகம், அங்கே காயம் வேகமாக ஆறும். அதே குத்து முழங்காலுக்குக் கீழே என்றால் கதை வேறு, சர்க்கரை உள்ளவரின் கால் என்றால் வேறு கதைக்கும் வேறு கதை. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்று 2023இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) ஆய்வு சொன்னது. தனக்கு இருப்பது தெரியாதவர்களும் அதில் உண்டு. பக்தி என்ன செய்கிறது என்பது என் துறை இல்லை. எங்களிடம் வருகிறவர்கள் ஆறாதவர்கள் மட்டும்தான் என்பதால் என் பார்வையும் ஒருதலைப்பட்சம்தான்.

டெட்டனஸ் பற்றி எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் தப்பு. துரு காரணமில்லை. அந்தக் கிருமியின் வித்து மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் இருக்கிறது, துருப்பிடித்த ஆணி மண்ணில் கிடப்பதால் அதற்குக் கெட்ட பெயர். பளபளக்கிற கத்தியும் தோட்டத்து மேடையில் கிடந்திருந்தால் அதே ஆபத்துதான். காற்றுப் புகாத ஆழமான, குறுகலான காயம் அதற்குப் பிடிக்கும், ஆகவே இழுத்த கோட்டைவிடக் குத்திய நுனிதான் மோசம். அறிகுறி வர மூன்று நாளும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். பிரசவத்தில் தாய்க்கும் சேய்க்கும் வரும் டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015இல் அறிவித்தார்கள், அதற்கு ஒரு முக்கியக் காரணம் கர்ப்ப காலத்து ஊசி. அதனால் எங்களிடம் வரும் பெண்களுக்குக் கடைசியாக எப்போது போட்டோம் என்று பெரும்பாலும் தெரியும். ஆண்களைக் கேட்டால் "பைக்ல விழுந்தப்ப போட்டாங்க, எந்த வருஷம்னு தெரியல" என்பார்கள். 10 வருஷத்துக்கு ஒருமுறை போட வேண்டும். அழுக்கான, ஆழமான காயம் என்றால் 5 வருஷம் தாண்டியிருந்தாலே இன்னொன்று.

வெட்டுப் பட்டுவிட்டால் செய்ய வேண்டியது ரொம்பச் சாதாரணம், அதனால்தான் யாரும் செய்வதில்லை. சுத்தமான துணியை வைத்து 10 நிமிஷம் விடாமல் அழுத்த வேண்டும், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல். நின்றதும் குழாயைத் திறந்துவிட்டு ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, தேங்காய் எண்ணெய், வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிந்த சாறு எல்லாவற்றையும் காயத்துக்குள் இருந்து பட்ஸால் நோண்டி எடுத்தவன் சொல்கிறேன், வேண்டாம். காபித்தூளை எடுப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம், அதில் நோயாளிக்கு வலிப்பது கத்தி பட்டபோது வலித்ததைவிட அதிகமாக இருக்கும். பெட்டாடைன் தடவினால் காயும்வரை இரண்டு நிமிஷம் விட வேண்டும். காயத்தின் இரண்டு உதடும் பிரிந்து நின்றால் தையல், அதையும் அன்றைக்கே. தழும்பு மொத்தையாக வளரும் உடம்பு என்றால், நெஞ்சும் தோளும் கீறலுக்கு ஏற்ற இடமே இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த விளையாட்டையே விட்டுவிடலாம்.

முதல் நாள் சிவப்பு இயல்பு. இரண்டாம் நாளுக்கு மேல் வலி குறைவதற்குப் பதில் ஏறினால், சிவப்பு பரவினால், சூடாக இருந்தால், காய்ச்சல் வந்தால், காயத்தில் இருந்து அக்குள் பக்கமாகவோ தொடை இடுக்குப் பக்கமாகவோ ஒரு சிவப்புக் கோடு ஓடினால், அன்றைக்கே டாக்டர். பார்க்கச் சின்னதாக இருந்தும் உயிர் போகிற வலி என்றால் இன்னும் அவசரம். சதையைத் தின்னும் தொற்று அப்படித்தான் ஆரம்பிக்கும்.

டாக்டரிடம் போகாததற்குக் காரணம் பயம். கத்திக் காயம் என்றால் ஆஸ்பத்திரியில் எம்எல்சி, அதாவது போலீஸுக்குத் தெரிவிக்கிற மருத்துவ-சட்டப் பதிவு, போடுவார்கள், போலீஸ் வரும், ஊர் சிரிக்கும் என்று. எம்எல்சி போடலாம்தான், மறைக்கவில்லை. அப்படிப் போட்டாலும், கேட்கிறவரிடம் என்ன நடந்தது என்று இருவரும் தனித்தனியாக ஒரே மாதிரி சொல்லிவிட முடியும், உண்மை என்பதால். வேலிக் கம்பி என்று சொன்னால் டாக்டரின் மூளை மண்ணைப் பற்றியும் டெட்டனஸைப் பற்றியும் யோசிக்கும், இன்னொருவரின் ரத்தத்தைப் பற்றி யோசிக்காது. அந்த 72 மணி நேரம் அந்தப் பொய்யில் போய்விடும். எங்களுக்கு உங்கள் படுக்கையறை அவ்வளவு சுவாரஸ்யமான இடமும் இல்லை, ஒரு நாளைக்கு நாற்பது காயம் பார்க்கிறோம்.

அந்தப் பெண்ணின் மூன்றாவது கோட்டைச் சுற்றிச் சிவப்பு முடிகிற இடத்தில் நீலப் பேனாவால் ஒரு வட்டம் போட்டேன். கோட்டைத் தாண்டிச் சிவப்பு வந்தால் ராத்திரி என்றாலும் வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். டாக்டர் மாத்திரை எழுதினார், ஊசியும் போட்டோம். மூன்றாம் நாள் கட்டு மாற்ற வந்தபோது சிவப்பு வட்டத்துக்குள் அரை அங்குலம் சுருங்கியிருந்தது. கணவர் இந்த முறை வெளியே நிற்கவில்லை, பக்கத்தில் நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கத்தியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை வந்திருக்கிறாராம், காலையில் அதில்தான் மாங்காய் ஊறுகாய்க்கு நறுக்கிக்கொண்டிருந்தாராம்.